எல்டனின் பள்ளிக்கூடம்

ரோஸ்கோ பிட்மனின் மேய்ச்சல் நிலத்தில், வடகிழக்கு மூலையில், வெர்னா ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருந்தாள். கையில் அவள் கணவர் எல்டனின் மெட்டல் டிடெக்டர்; மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் ஹெட்போனில் கூவும் கருவி. அதன் தண்டு எல்டனின் உயரத்துக்கு நீட்டப்பட்டிருந்தது. அவர் ஆறடி இரண்டங்குலம். இவள் அவருடைய சட்டைப்பை வரைக்கும்தான் வருவாள். ஒரு பொத்தானை அழுத்தினால் தண்டு குறுகிவிடும். அவள் அழுத்தவில்லை. முழங்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்த வட்டத் தட்டைப் புல்லை ஒட்டி வலமும் இடமுமாக வீசி, வாசல் பெருக்குகிறவளைப் போல அடியடியாக முன்னேறினாள். தோள் கடுத்தது. ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. தன்னுடைய மூச்சு மட்டும் கேட்டது.

அந்த மூலை அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். எல்டனின் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தில் இந்த நிலம் முழுவதும் வரையப்பட்டிருந்தது. நடந்து முடித்த கட்டங்களைப் பென்சிலால் லேசாகத் தீட்டி வைப்பார். கிடைத்தவை ஓரத்தில்: ஒரு செம்புக் கொக்கி, இரண்டு பித்தளைப் பொத்தான், துப்பாக்கி ஈயக் குண்டு, அலுமினிய சோடா மூடிகள். வடகிழக்கு மூலைக் கட்டங்களில் மட்டும் ஒரே வாசகம், வெவ்வேறு வருடத் தேதிகளோடு ஆறு முறை: "செத்த மண். சத்தமே இல்லை." பதினொரு வருடத்தில் ஆறு முறை. ஒன்றுமில்லை என்று எழுதி வைத்துவிட்டு, அந்த ஒன்றுமில்லாத இடத்துக்கே மறுபடி மறுபடி போயிருக்கிறார்.

எல்டன் மார்ச் மாதம் இறந்தார். இப்போது அக்டோபர், செவ்வாய்க்கிழமை. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நாற்சந்தியில், சாலையின் தென்புறம், பழைய பள்ளிக்கூடத்துக்காக ஒரு நினைவுக்கல் நடப்போகிறார்கள். கல் வந்து இறங்கிவிட்டது. அதற்கான குழியையும் தோண்டிவிட்டார்கள். கல்லை நட்டுவிட்டால் பள்ளிக்கூடம் அங்கேதான் இருந்ததாக ஆகிவிடும். பிறகு யார் எந்த நோட்டைக் காட்டி என்ன சொன்னாலும் கல் நகராது.

எல்டனுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த தகராறு சிக்கலானதல்ல. 1875-ஆம் வருடத்து வரைபடம் ஒன்று, பள்ளிக்கூடம் சாலைக்குத் தெற்கே இருந்ததாகக் காட்டுகிறது. அதனால் ஊரில் எல்லாரும் சாலைக்குத் தெற்கே தேடினார்கள். எல்டன் ஒருவர்தான், பெருவெள்ளத்துக்குப் பிறகு சாலையையே தெற்கே தள்ளிப் போட்டார்கள் என்றார். பழைய சாலை பிட்மன் நிலத்தின் வடக்கு ஓரத்தில் ஓடியது, ஆகவே அன்றைய சாலைக்குத் தெற்கு என்பது இன்றைய சாலைக்கு வடக்கு என்றார். அதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. மண்ணிலிருந்து எடுத்துக் காட்டினால்தான் உண்டு. அவரால் எடுக்க முடியவில்லை.

டிடெக்டர் சங்கம் மாதம் ஒருமுறை மெதடிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் கூடும். சங்கத் தலைவர் ஆர்லன் டீட்ஸ், ஓய்வு பெற்ற தபால் அதிகாரி. நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் ஒருமுறை முத்திரை குத்திவிட்டால் மாற்றமாட்டார். "எல்டன் பள்ளிக்கூடம்" என்ற பேரை வைத்தவர் அவர். கார் சாவி காணாமல் போனால், "எல்டன் பள்ளிக்கூடத்துல தேடுங்கப்பா." கூட்டத்துக்கு ஒருவர் வராவிட்டால், "எல்டன் பள்ளிக்கூடத்துல படிக்கப் போயிருப்பான்." இல்லாத எதற்கும் அதுவே முகவரியாகிவிட்டது. எல்டனும் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன், சங்கத்தின் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து கிளம்பும்போது, எல்டனின் கோட்டைக் காணோம் என்று சங்கத்து உறுப்பினர் நெட்டி தேடினாள். வெர்னா கையில் பாத்திரத்தோடு நின்றவள், எதையும் யோசிக்காமல், "அவரோட பள்ளிக்கூடத்துல மாட்டி வச்சிருப்பாரு, போய்ப் பாரு" என்றாள். கூடமே அதிர்ந்தது. அந்த வருடத்தின் பெரிய சிரிப்பு அதுதான். எல்டனும் சிரித்தார். பிறகு வீடு வரைக்கும் பத்தொன்பது மைல், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்னால் விழுந்த பனியையே பார்த்தபடி ஓட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. வெர்னாவும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல முட்டை பொரித்துக் கொடுத்தார். அதோடு அது முடிந்துபோனதாக இருவரும் வைத்துக்கொண்டார்கள். மார்ச் மாதத்துக்குப் பிறகு வெர்னாவுக்கு அந்தப் பத்தொன்பது மைல் அடிக்கடி நினைவு வந்தது.

அதனால்தான் வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. பதினொரு வருடமும் நிலத்தோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, நூலகப் புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். கருவியைத் தொட்டதே இல்லை. கல் நடுவதற்கு முன் ஒருமுறையாவது எழுந்து அவர் நடந்த இடத்தில் நடந்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

ஆனால் அந்த நிசப்தம் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. ஏழு மாதமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பதும் அதுவேதான். குளிர்சாதனப் பெட்டியின் உறுமலைக் கேட்பதற்காகவே சமையலறையில் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. இங்கேயும் அதுதானா? அவள் நின்று, கருவியின் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று திருகுகள். நடுவிலிருந்த திருகைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டப்பட்டிருந்தது. அது இரும்பை ஒதுக்குகிற திருகு, ஏற்றி வைத்தால் இரும்புக்கு மட்டும் கருவி குரல் கொடுக்காது என்பது அவளுக்குத் தெரியும். அதை உச்சத்தில் வைத்து, தவறிக்கூட நகராதபடி டேப் சுற்றி வைப்பது சங்கத்தில் பலருக்கும் வழக்கம். "ஆணி தோண்டுறவன் கத்துக்குட்டி" என்பது ஆர்லன் புதிய உறுப்பினர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். இருபது வருடம் அனுபவமுள்ள ஒருவர் பத்துப் பேர் முன்னால் குனிந்து துருப்பிடித்த ஆணியைத் தோண்டி எடுத்தால் அதைவிட அவமானம் இல்லை.

வெர்னாவுக்கு அந்த அவமானம் பொருட்டல்ல. எதையாவது கேட்டால் போதும். வீட்டுச் சாவியின் முனையால் டேப்பைக் கிளறி உரித்தாள். பசை விரலில் ஒட்டியது. திருகைக் கீழே, அது போகும் மட்டும் திருப்பினாள்.

காதுக்குள் மண் அலறியது.

அவள் கருவியைப் போட்டுவிட்டாள். பிறகு எடுத்து, மெதுவாக, ஒரு கையகலம் நகர்த்தினாள். உறுமல். இன்னொரு கையகலம். மறுபடி உறுமல். எங்கே வைத்தாலும் சத்தம். செத்த மண் என்று ஆறு முறை எழுதப்பட்ட இடம் சந்தைக்கூட்டம்போல இரைந்துகொண்டிருந்தது.

தோண்டுவது அவளுக்குத் தெரியும். ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். புல்லைக் குதிரை லாடம்போல மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல்போல விட்டு, மடக்கித் திறந்தாள். முதல் குழியில் ஒரு ஆணி. உருண்டை ஆணி இல்லை. நாலு பக்கமும் தட்டையாக, பழைய காலத்துச் சதுர ஆணி. இரண்டாவது குழியில் ஆணி. மூன்றாவதில் இரண்டு ஆணி, பின்னிக்கொண்டு. நான்காவதில் ஒரு ஆணியும், அதன் பக்கத்தில் ஒரு கூழாங்கல்லும். கல்லை வீசப் போன கை நின்றது. கல் இவ்வளவு உருண்டையாக இருக்காது.

எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தாள். சாம்பலும் பழுப்புமான சுட்ட களிமண். ஒரு பக்கம், ஈரமாக இருந்தபோது யாரோ உருட்டிய விரல் ரேகையின் தடம். கோலிக்குண்டு.

புல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கருவிக்கு மண்ணும் கண்ணாடியும் தெரியாது. எந்தக் கோலியையும் அது சொல்லாது. இது வந்தது ஆணியால். ஆணியை ஒதுக்கியதால் ஆணியோடு கிடந்ததெல்லாம் சேர்ந்து ஒதுங்கியிருக்கிறது. இரும்புக்கு அருகில் காசு கிடந்தால் அதன் குரலையும் விழுங்கிவிட்டுக் கருவி பேசாமல் இருந்துவிடும் என்று எல்டனே யாருக்கோ விளக்கியதை அவள் கேட்டிருக்கிறாள். எல்டன் நடந்த மற்ற இடங்களில் ஒரு சோடா மூடியாவது கூவியது. இங்கே மட்டும் முழு நிசப்தம். இத்தனை இரும்பு இல்லாமல் இத்தனை நிசப்தம் வருமா? அவரும் அதை உணர்ந்துதானோ என்னவோ ஆறு முறை வந்திருக்கிறார். டேப்பை மட்டும் உரிக்கவில்லை.

சாயங்காலம் ரோஸ்கோ தன் ட்ரக்கில் மாடுகளைப் பார்க்க வந்தவர், வேலி ஓரம் நிறுத்தி இறங்கினார். ஐம்பது வயது, எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பார். அவள் விரித்து வைத்திருந்த துண்டில் ஆணிகள் நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும்.

"என்னம்மா, ஆணிக்கடை போடப் போறீங்களா?"

"இந்த இடத்துல என்ன இருந்தது ரோஸ்கோ?"

"இங்கயா? ஒண்ணும் இல்ல. இந்த மூலையில ஏர் பூட்டினதே கிடையாது. கல்லு கல்லா கெடக்கும். அப்பா இருந்தப்ப தனியா ஒரு வேலி போட்டு வச்சிருந்தாரு, மாட்டுக் குளம்புல ஆணி ஏறுதுன்னு."

வெர்னா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இத எல்டன்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு ஒவ்வொரு வருஷமும் கேட்டது, காசு ஏதாச்சும் கெடைச்சுதான்னு. இல்லன்னேன். ஆணியப் பத்தி யாரு கேட்டா?" ரோஸ்கோ மெல்லுவதை நிறுத்தினார். அவள் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா."

"தெரியும். உங்க மேல தப்பில்ல."

அவர் ட்ரக்கின் பின்னாலிருந்து ஒரு கட்டுக் கொடி எடுத்து வந்தார். எரிவாயுக் குழாய் போட அளந்தவர்கள் விட்டுப் போன சின்னக் கொடிகள்; கம்பி முனையில் ஆரஞ்சுப் பிளாஸ்டிக். "ஆணி எடுத்த எடத்துல எல்லாம் ஒண்ணு குத்தி வைங்க. மிதிச்சுத் தொலைக்காம இருக்கலாம்."

புதன்கிழமை நெட்டி வந்தாள். பிளாஸ்க்கில் காபி, டப்பாவில் பூசணி இனிப்பு, இடுப்பில் குழி தோண்டும் தன் சொந்தக் கரண்டி. சங்கத்தில் இருந்த மூன்று பெண்களில் அவள் ஒருத்தி; கிறிஸ்துமஸ் இரவில் எல்டனின் கோட்டைத் தேடியவளும் அவள்தான். கொடிகளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஏன்டி வெர்னா, விமானம் இறங்கப் போகுதா இங்க?"

"வாய மூடிட்டுக் குழி தோண்டு."

"ஆணியா? என்னை யாராச்சும் பாத்தா என் மானம் என்னாகறது?"

"உன் மானத்த அந்த வாளியில போடு. ஆணியெல்லாம் அங்கதான் போகுது."

மதியம் வரை இருவரும் முழங்காலில் நகர்ந்தார்கள். பதினொன்றரை மணிக்கு நெட்டியின் குழியிலிருந்து முதல் காசு வந்தது. பச்சை படிந்த செம்பு, கேடயம் பொறித்த இரண்டு சென்ட் நாணயம். வருடத்தில் 186 வரைக்கும் தெரிந்தது, கடைசி எண்ணை மண் தின்றிருந்தது. நெட்டி பேச்சை நிறுத்திவிட்டாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது நாணயத்தைவிட அபூர்வம். அதன்பிறகு வந்துகொண்டே இருந்தன. இறகுக் கிரீடம் தரித்த தலை பொறித்த சென்ட்கள் ஏழு. பத்து சென்ட் வெள்ளி நாணயம் ஒன்று, உட்கார்ந்திருக்கும் பெண்ணுருவம் தேய்ந்து நிழலாகியது. காசு இருந்த இடத்திலெல்லாம், ஒரு சாண் தள்ளியோ ஒட்டியோ, கோலி இருந்தது. களிமண் கோலிகள், பழுப்பு மெருகிட்டவை, நீல மெருகிட்டவை, வாத்து முட்டை நிறத்தில் ஒன்று. நடுநடுவே சாம்பல் நிறத்தில், சுண்டுவிரல் அளவில் கல் துண்டுகள். வெர்னா ஒன்றை எடுத்துத் தட்டையான கல்லில் இழுத்தாள். வெள்ளையாகக் கோடு விழுந்தது. சிலேட்டுக் குச்சி.

சாயங்காலம் எல்லாவற்றையும் துண்டில் வைத்துப் பார்த்தபோது வெர்னாவுக்கு இன்னொன்று தெரிந்தது. கோலியும் காசும் கிடைத்த குழிகள் சிதறிக் கிடக்கவில்லை. ஒன்றின் பின் ஒன்றாக, வரிசையாக, ஒரு கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு. தரைப்பலகையின் இடுக்கு. ஏதோ ஒரு பிள்ளையின் பையிலிருந்து நழுவி, பலகையில் உருண்டு, இடுக்கு வழியாகக் கீழே போயிருக்கிறது. எடுக்க முடியாமல், வாத்தியார் பார்க்காத நேரத்தில் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்திருப்பான். பார்த்திருப்பாள்.

"அழுவுறியா?" என்றாள் நெட்டி.

"இல்ல. முதுகு பிடிச்சிருக்கு."

"எனக்கும் அதேதான்" என்று நெட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள். "ஆர்லனுக்குப் போடறேன். நீ பேசாத, நான் பேசறேன்."

ஆர்லனின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. "ஆணி எந்த ஊர்லதான் இல்ல நெட்டி? பண்ணை வீடு ஏதாவது இருந்திருக்கும். பண்ணைப் பிள்ளைங்களும் கோலி ஆடும். கல்லு வந்தாச்சு, குழி வெட்டியாச்சு, பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லியாச்சு."

"வந்து பாத்துட்டுச் சொல்லுங்க, தபாலாபீஸ்காரரே. பாக்காமலே முத்திரை குத்தாதீங்க."

வியாழக்கிழமை மழை. இருவரும் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு தோண்டினார்கள். ரோஸ்கோ இன்னும் இரண்டு கட்டுக் கொடி கொண்டுவந்து போட்டார்; கேட்காமலேயே குழி வெட்ட ஆரம்பித்தார். தோண்டியதில் பாதி நிலத்துக்காரருக்கு என்பது சங்கத்தின் வழக்கம். வெர்னா அந்தப் பேச்சை எடுத்தபோது, "காசு வேணாம்மா, அந்த நீலக் கோலி ஒண்ணு போதும்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆர்லன் வந்தார், சங்கத்து ஆட்கள் ஆறேழு பேரோடு. எழுபத்தைந்து வயது, நிமிர்ந்த முதுகு, இஸ்திரி போட்ட சட்டை. துண்டில் பரப்பியதை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். எதையும் தொடவில்லை.

"நல்ல சேகரிப்புதான். ஒத்துக்கறேன். ஆனா ஏம்மா வெர்னா, நான் சொன்னதையேதான் சொல்லுவேன். இது ஒரு பழைய வீடு. நாலஞ்சு பிள்ளைங்க இருந்த வீடு."

வெர்னா இரண்டு இரவு இந்தக் கேள்வியோடு படுத்திருந்தாள். அவளுக்குக் குரல் உயரவில்லை.

"வீடுன்னா சோறு தின்னுவாங்க ஆர்லன். தட்டு உடையும். கோப்பைக் காது உடையும். எலும்பு கெடக்கும். பழைய வீடு எதைத் தோண்டினாலும் முதல்ல வர்றது பீங்கான் சில்லுன்னு நீங்கதான் சங்கத்துல சொல்லுவீங்க. மூணு நாளா நூத்துப் பதினெட்டுக் குழி. ஒரு சில்லு வரல. சிலேட்டுக் குச்சி மட்டும் முப்பத்தொண்ணு."

யாரோ பின்னால் மெல்லச் சீட்டியடித்தார். ஆர்லன் திரும்பிப் பார்த்ததும் நின்றது.

"உங்க மிஷினை எடுங்க" என்றாள் வெர்னா. "தோண்டாத இடமா நீங்களே பாத்துத் தோண்டுங்க. என் கையில கெடைச்சதை நம்ப வேண்டாம்."

ஆர்லன் ட்ரக்குக்குப் போய்த் தன் கருவியை எடுத்து வந்தார். சங்கத்திலேயே விலை உயர்ந்தது. கொடிகளுக்கு நடுவே காலியாக இருந்த ஓர் இடத்தில் தட்டை வீசினார். ஹெட்போன் இல்லாமல், எல்லாருக்கும் கேட்கும்படி. சத்தமில்லை. மறுபடி வீசினார். சத்தமில்லை. அவர் முகத்தில் லேசாக நிம்மதி வந்தது.

"டேப்பு" என்றாள் நெட்டி.

ஆர்லனின் நடுத் திருகிலும் டேப் இருந்தது. வெயிலில் வெளுத்து, பழகிப்போய், கருவியின் தோலாகவே ஆகியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். ஆறேழு பேரும் பார்த்தார்கள். பேனாக்கத்தியை விரித்து, தபால் உறையைப் பிரிக்கிற நிதானத்தோடு அதைக் கீறி எடுத்தார். திருகைத் திருப்பினார்.

மேய்ச்சல் நிலத்தின் மறுகோடியில் நின்ற மாடுகள் தலையைத் தூக்கின. அவ்வளவு சத்தம்.

அவர் இஸ்திரிக் கால்சட்டையோடு ஈர மண்ணில் முழங்காலிட்டார். ஒரு ஆணி. அதைப் பக்கத்தில் வைத்தார். இன்னொரு ஆணி. நெட்டி, "கத்துக்குட்டி" என்று முணுமுணுத்தாள், யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது ஆணியை எடுத்த குழியில் விரலை விட்டார். பிறகு விரலால் சுற்றிலும் மண்ணைத் தள்ளி, இரண்டு விரலால் கிள்ளி, எதையோ எடுத்துத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தார். கண்ணாடிக் கோலி, நெல்லிக்காய் அளவு. உள்ளே சிவப்பும் வெள்ளையும் பச்சையுமாக நூல்கள், முறுக்கு முறுக்காக, ஒன்றையொன்று தொடாமல் சுற்றியிருந்தன. அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நூற்றைம்பது வருடம் இருட்டில் கிடந்த பொருள், நேற்றுக் கடையில் வாங்கியதுபோல எரிந்தது. அவர் கட்டைவிரல் நகத்தில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் ஆடியது.

"இதை எந்த மிஷினும் சொல்லாது" என்றார் ஆர்லன்.

"சொல்லாது" என்றாள் வெர்னா.

எழுந்திருக்க ரோஸ்கோ கை கொடுத்தார். நின்றதும் ஆர்லன் முதல்முறையாகக் கொடிகளை மொத்தமாகப் பார்த்தார். அருகில் நின்று பார்த்தால் குழப்பமாகத் தெரியும் ஆரஞ்சுப் புள்ளிகள், இரண்டடி பின்வாங்கினால் கோடாகும். சுவர்கள் இருந்த இடத்தில் ஆணிகள் அடர்ந்திருந்தன. நீளவாக்கில் முப்பதடி, அகலவாக்கில் இருபது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் விடாமல். நான்காவது பக்கத்தின் நடுவில் நாலடி அகலத்துக்கு ஆணியே இல்லை. அங்கே புல்லுக்கடியில் ஒரு தட்டைக் கல் விளிம்பு காட்டியது.

"வாசல்" என்றார். பிறகு இன்றைய சாலை இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்தார். அந்தப் பக்கம் சுவர். வாசல் வடக்கு நோக்கி, இரண்டு வரிசை லோகஸ்ட் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மரங்களுக்கு நடுவே ஒரு வண்டி போகும் அகலத்தில், எதற்கும் பயன்படாத ஒரு வெற்றிடம், ஓடை வரைக்கும் நேராகப் போயிற்று. அங்கே நின்ற எல்லாரும் வாழ்நாள் முழுவதும் பார்த்த மரங்கள்தான்.

"ரோட்டுக்கு முதுகக் காட்டி எவன் பள்ளிக்கூடம் கட்டுவான்" என்றார் ஆர்லன். யாரிடமும் கேட்கவில்லை. "ரோடு அங்க இருந்திருக்கு. எல்டன் சொன்ன எடத்துல."

அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். "அந்தக் கிண்டல் பேரை ஆரம்பிச்சது நான்தாம்மா."

"நானும் சொல்லியிருக்கேன்" என்றாள் வெர்னா. "எல்லாருக்கும் முன்னால. உங்களைவிட நல்லா சிரிக்க வச்சேன்." சொல்லி முடித்ததும், ஏழு மாதமாகப் பிடித்திருந்த எதுவோ தோளிலிருந்து இறங்கியது. அவள் கருவியைத் தூக்கி, பொத்தானை அழுத்தி, தண்டைத் தன் உயரத்துக்குக் குறுக்கிக்கொண்டாள். சின்னச் சொடக்குச் சத்தம்.

ஆர்லன் ஓரமாகப் போய்த் தொலைபேசியில் பேசினார். நினைவுக்கல் குழுத் தலைவர் எளிதில் விடவில்லை என்பது அவர் நடந்த நடையில் தெரிந்தது. "குழிய மூடிடலாம்... ஆமா, நான்தான் சொன்னேன், இப்ப நானே மாத்திச் சொல்றேன்... இல்ல, பேண்டு வரட்டும், மாடு ஒண்ணும் பண்ணாது... நீங்களே வந்து பாருங்க. நல்ல பூட்ஸ் போட்டுட்டு வாங்க." திரும்பி வந்து, "சாயங்காலம் குழு மொத்தமும் வர்றாங்க. கல்ல எங்க வைக்கணும்னு நீதான் காட்டணும்" என்றார்.

"இந்த மாசச் சிறந்த கண்டெடுப்புப் பரிசும் அவளுக்குத்தான்" என்றாள் நெட்டி.

"அவ சங்கத்துல உறுப்பினர் இல்லையே."

"பாத்தியா, முழங்கால்ல மண்ணு காயல, அதுக்குள்ள விதி பேசுறாரு."

இப்போது சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள், வயிறு வலிக்க. செய்தி எப்படியோ பரவியிருந்தது. வேலி ஓரம் இன்னும் மூன்று ட்ரக்குகள் வந்து நின்றன. கருவிகளோடும் மடக்கு நாற்காலிகளோடும் ஆட்கள் இறங்கினார்கள். யாரோ ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். தெற்கிலிருந்து, இன்றைய சாலைப் பக்கமிருந்துதான் எல்லாரும் வந்தார்கள். கொடிகள் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். ஒருவரும் தாண்டவில்லை. யாரும் சொல்லாமலேயே, முதலில் வந்தவர் கொடி வரிசையை ஒட்டி நடந்து, மூலையில் திரும்பி, வடக்குப் பக்கத்து இடைவெளி வழியாக உள்ளே வந்தார். மற்றவர்கள் அவர் பின்னால், ஒருவர்பின் ஒருவராக. கடைசியாக ஆர்லன், இரண்டு கையிலும் காபிக் கோப்பையோடு சுற்றிக்கொண்டு வந்தார். தட்டைக் கல் அருகே நின்றார். கீழே பார்த்து, பூட்ஸின் சேற்றைக் கல் விளிம்பில் ஒரு காலுக்கு இரண்டு முறையாகத் தேய்த்துவிட்டு, தலையைச் சற்றுக் குனிந்து உள்ளே வந்தார்.